காத்திருக்கும் நாட்களில் ஒன்பதாம் வகுப்பு

ஆகஸ்ட் 22, 2025, வெள்ளி

நாளை தேசிய விண்வெளி நாள். விடுமுறை என்பதால் இன்றே வகுப்பில் பேசிவிட்டேன். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியதைப் பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் சந்திரயான்-2 திட்டத்தில் ஊர்தியைச் சோதிக்கப் பரப்பிய மண், நாமக்கல் மாவட்டச் சித்தம்பூண்டியின் அனார்த்தோசைட் பாறையை அரைத்து எடுத்தது என்பதை ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. நிலவில் வெளிர்ந்து தெரியும் மேட்டுநிலங்களும் பெரும்பாலும் அவ்வகைப் பாறைதான் என்றதும், "அப்படியென்றால் பஸ் ஏறிப் போய் நிலாவைத் தொட்டுவிட்டு வரலாமா, டீச்சர்?" என்று கேட்டான் கடைசி வரிசைப் பையன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

அம்மாவின் மருத்துவப் பரிசோதனை அறிக்கை வரவில்லை. அம்மா அதைப் பற்றிப் பேச்செடுப்பதே இல்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

பாறை பாடம். ஆளுக்கொரு கல் கொண்டுவரச் சொல்லியிருந்தேன், மேசை தாங்கவில்லை. குவாரியில் உடைந்த ஒரு துண்டைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பினால், இளஞ்சிவப்புப் பெல்ஸ்பாருக்கும் கண்ணாடிச் சில்லு போன்ற குவார்ட்சுக்கும் நடுவே கறுப்பு மைக்கா ஒரே திசையில் பட்டைபட்டையாக ஓடுவது தெரிந்தது: வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய நைஸ் பாறை. எந்தப் பக்கம் உளி வைத்தால் அது நேராகப் பிளக்கும் என்பதை, தந்தையோடு குவாரிக்குப் போய்வரும் ஒரு மாணவி, நான் கேட்காமலேயே விரலால் கோடிட்டுக் காட்டினாள். பாடநூலில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

பாறையைச் சமூக அறிவியலுக்கும் அண்டத்தை அறிவியலுக்கும் பிரித்துக் கொடுத்த ஏற்பாட்டில் எனக்கு உடன்பாடே இல்லை. சித்தம்பூண்டிக் கல்லை எந்தப் புத்தகத்தில் வைப்பது?

செப்டம்பர் 2, செவ்வாய்

நம் மாவட்டத்துப் பாறைகளுக்கு ஏறத்தாழ 250 கோடி வயது என்றேன். "கல்லுக்குப் பிறந்த தேதியை யார் குறித்து வைத்தார்கள்?" என்று கேட்டார்கள். பாறைக்குள் இருக்கும் சிர்க்கான் என்ற கனிமத்தின் படிகம் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே ஏற்கும், ஈயத்தை ஏறக்குறைய முழுவதுமாக ஒதுக்கிவிடும். ஆகவே பின்னாளில் அதற்குள் காணப்படும் ஈயம் யுரேனியம் சிதைந்து உண்டானது என்று கொண்டு, இரண்டின் விகிதத்திலிருந்து வயதைக் கணக்கிடுகிறார்கள். யுரேனியம்-238 பாதியாகக் குறைய ஏறக்குறைய 447 கோடி ஆண்டுகள் ஆகும். புவியின் வயதோ 454 கோடி. புவி பிறந்தபோது இருந்ததில் ஏறத்தாழ பாதி இன்னும் மிச்சமிருக்கிறது என்று ஒரு பெண் தானாகவே சொன்னாள். அந்த மகிழ்ச்சி வீடு வரும் வரைதான் நீடித்தது.

செப்டம்பர் 4, வியாழன்

ஆய்வகத்தில் தம்பி கேட்டான். "நாளை" என்றார்களாம்.

செப்டம்பர் 7, ஞாயிறு, நள்ளிரவு கடந்து

முழுச் சந்திர கிரகணம். கோயில் நடை சாத்தியாயிற்று, தெருவில் பல வீடுகளில் அடுப்பும் அணைந்தது. ஆனாலும் நான் சொன்னதை நம்பி நான்கைந்து பிள்ளைகள் மாடியேறி வெறுங்கண்ணாலேயே பார்த்தார்கள். பத்து மணிக்குச் சற்று முன் ஓரம் மங்கத் தொடங்கியது. பதினொன்றுக்கு நிலவு முழுவதும் செம்பு நிறமாயிற்று. சூரிய ஒளி புவியின் வளிமண்டலத்தைக் கடக்கையில் நீலம் சிதறிப்போக, எஞ்சிய சிவப்பு வளைந்து நிலவின்மேல் விழுகிறது. அம்மாவும் நாற்காலியில் அமர்ந்து பார்த்தார்; மாத்திரைக்காக இட்லியும் சாப்பிட்டார், கிரகணத்திலேயே.

செப்டம்பர் 8, திங்கள்

அறிக்கை தயார். நாளை விடியற்காலையில் பெங்களூரு பேருந்து. நில அதிர்வு அலைகள் பாடத்தை அறிவியல் ஆசிரியரே நடத்துவதாக ஒப்புக்கொண்டார். எஸ் அலைகள் திரவத்தினூடே செல்லா, அதனால்தான் யாரும் தோண்டிப் பார்க்காமலேயே புவிக்கருவின் வெளிப்பகுதி திரவம் என்று அறிந்தோம். இதை மட்டும் விட்டுவிடாமல் சொல்லும்படி தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.