அண்ணாமலை நகரின் விடுதிகளும் பாதுகாக்கப்பட வேண்டியவையே

சிதம்பரம் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே, தண்டவாளத்தைத் தாண்டியதும் விரியும் அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகத்தில் பழம்பெருமை வாய்ந்த கட்டடம் எது என்று கேட்டால், பெரும்பாலோர் சாஸ்திரி அரங்கத்தையே சொல்வார்கள். 1935 முதல் 1940 வரை துணைவேந்தராக இருந்த சீனிவாச சாஸ்திரியின் பெயரைத் தாங்கி நிற்கும் அந்த அரங்கத்துக்கு அப்பெருமை உரியதே. ஆனால் அவ்வளாகத்தில் தங்கிப் படித்தவன் என்ற முறையில், மாணவர் விடுதிகளின் மதிப்பு அதற்குச் சற்றும் குறைந்ததன்று என்று உறுதியாக நம்புகிறேன்.

இதற்கான காரணம் பல்கலைக்கழகத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் பல ஊர்களில் இருந்த கல்லூரிகளை இணைத்துக்கொண்டு தேர்வு நடத்திப் பட்டம் வழங்கியது. ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1920-இல் நிறுவிய மீனாட்சி கல்லூரியை அடித்தளமாகக் கொண்டு 1929-இல் உருவான அண்ணாமலைப் பல்கலைக்கழகமோ, ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் வாழ்ந்து கற்கும் உறைவிடப் பல்கலைக்கழகமாகவே திட்டமிடப்பட்டது. ஆகவே இங்கு விடுதி என்பது வெளியூர் மாணவருக்கான வசதி மட்டுமன்று. வகுப்பறையைப் போலவே கல்வியின் ஓர் உறுப்பு. விபுலானந்த அடிகள் தமிழ்ப் பேராசிரியராக இருந்ததும், நெடுஞ்செழியனும் அன்பழகனும் தமிழ் படித்ததும் இங்கேதான். பகலில் வகுப்பில் கேட்டதை இரவு மெஸ்ஸிலும் வராந்தாவிலும் விவாதித்துத் தீர்க்கும் பழக்கம் எங்கள் காலத்திலும் இருந்தது. நான் கற்றவற்றில் பாதிக்கு மேல் அப்படிக் கற்றவையே. 1965 ஜனவரி 27 அன்று இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டுக்கு உயிரைப் பறிகொடுத்த இராசேந்திரனும் இப்பல்கலைக்கழக மாணவரே.

ஆனால் அரங்கங்களுக்குக் கிடைக்கும் கவனம் எந்த ஊரிலும் விடுதிகளுக்கு எளிதில் கிடைப்பதில்லை. ஆண்டு முழுவதும் ஆட்கள் புழங்குவதாலேயே அவை வேகமாகத் தேய்கின்றன. பழுது பார்ப்பதும் அவசர அவசரமாக, அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்குள் முடிக்கப்படுகிறது. கடலூர் மாவட்டத்தின் வடகிழக்குப் பருவமழையும் கடற்காற்றின் உப்பும் கட்டடங்களுக்கு என்ன செய்யும் என்பது இங்குள்ள கொத்தனார்களுக்கு நன்றாகத் தெரியும். சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய செங்கல் சுவர் ஈரத்தை இழுத்து, பிறகு மெல்ல வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசிவிட்டால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிவிடுகிறது. உப்புப் பூத்துப் பூச்சு உப்பி உதிர்வதோடு, செங்கல்லும் பொடிந்துபோகிறது. மர உத்திரங்களின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து அமைக்கும் மெட்ராஸ் டெரஸ் கூரைத் தளத்திலோ நீர் கசிந்தால் அதைத் தாங்கும் மர உத்திரமே உளுத்துவிடும். பழைய சுவருக்குக் கடுக்காய் நீர் விட்டு அரைத்த சுண்ணாம்பே ஏற்றது என்று மூத்த கொத்தனார்கள் சொல்வதைப் பழமைப் பற்று என்று ஒதுக்கிவிட முடியாது.

இதைப் புறக்கணித்தால் என்ன ஆகும் என்பதைப் புதுச்சேரிக் கடற்கரையில் கண்டோம். 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, பிரெஞ்சுக் கால நகராட்சி அலுவலகமான மேரி கட்டடம் 2014 நவம்பரில், மழைக்காலத்தில் இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் மறுபடியும் கட்டி 2021-இல் திறந்தார்கள். பணி மெச்சத்தக்கதே, ஆயினும் அது புதிய கட்டடம்தான்.

2013 முதல் மாநில அரசின் பொறுப்பில் இருக்கும் இப்பல்கலைக்கழகம் 2029-இல் நூற்றாண்டைக் காணவிருக்கிறது. புதிய வளைவுகளும் மண்டபங்களும் எழுப்புவதற்கு முன்னால், பழைய விடுதி ஒவ்வொன்றையும் அளந்து வரைபடமாக்க வேண்டும். எந்தச் சுவர் சுண்ணாம்பு, எது சிமெண்ட், எங்கே ஒழுகுகிறது என்பதையெல்லாம் எழுதிவைத்து, மழை முடிந்து சுவர் காய்ந்த பிறகு சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்களைக் கொண்டு பழுது பார்க்க வேண்டும். பழைய மாணவர்களின் வீடுகளில் விடுதி வாசலில் நின்று எடுத்த குழுப் படங்கள் கட்டாயம் இருக்கும். இடித்து மாற்றிய பகுதிகள் முன்பு எப்படி இருந்தன என்பதற்கு அவை நல்ல சான்றுகள். என்னிடம் உள்ளவற்றைத் தேடி எடுத்து, ஆண்டு குறித்து வைத்துவருகிறேன்.