மாமா மறுபடியும் கையாள் ஆனார்

எங்கள் கரையில் படகு கட்டுகிறவரை ஓடாவி என்போம். மரப் படகு என்றால் அவர்தான் எல்லாம். வரைபடம், அளவுத்தாள் எதுவும் கிடையாது. படகின் அடிமரமான ஏராக்கட்டையைப் போட்டு, முன்னும் பின்னும் நடந்து, கண்ணாலேயே அளந்து, பலகையை வளைத்து, விலா எலும்பு மாதிரி உள்ளே தாங்குகிற வங்கு வைத்துப் படகை நிமிர்த்திவிடுவார். பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி அடைக்கிற கலப்பத்து வேலைக்கு மட்டும் கையாள்கள் இருப்பார்கள். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கம் நான் கணக்கு எழுதுகிற பட்டறையில் அப்படி ஓர் ஓடாவி இருந்தார். சின்னவர்கள் எல்லோருக்கும் அவர் மாமா. ஞாயிறு பூசைக்கு முதல் மணிக்கே வந்து உட்காருகிறவர், பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற அன்பியத்தில் ஜெபமாலை சொல்லத் தொடங்குகிறவர்.

மனத்தாழ்மையைப் பற்றி எத்தனையோ மறையுரை கேட்டாயிற்று. எனக்கு அது கண்ணுக்குத் தெரிந்தது, ஃபைபர் படகு வார்க்கிற ரெசின் பசையின் நெடி அடிக்கிற எங்கள் கொட்டகையில்தான்.

2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கரை முழுக்க ஃபைபர் படகுகள் நிவாரணமாக வந்து குவிந்தன. எடை குறைவு, கரையேற்ற ஆள் குறைவு, ஓயாமல் கலப்பத்து அடிக்க வேண்டியதில்லை. ஒருமுறை அதில் போய்ப் பழகியவர்கள் மரத்துக்குத் திரும்பவில்லை. மரப் படகு கேட்டு வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். முதலாளி ஒருநாள் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இனி நாமும் ஃபைபர்தான் என்று முடிவு செய்தார். வேலையை நடத்த அவர் கூட்டிவந்தது பக்கத்து ஊரான வேதாளையைச் சேர்ந்த பையன் ஒருவனை. கொச்சிப் பக்கம் போய்த் தொழில் படித்துத் திரும்பியிருந்தான். விஷயம் என்னவென்றால், அதற்கு முன்னால் அவன் மாமாவிடம் கையாளாக இருந்தவன். பஞ்சு திரித்துக் கொடுப்பதும் டீ வாங்கி வருவதும்தான் அப்போது அவன் வேலை.

மாமா இனி வரமாட்டார் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். முதலாளிகூட அவருக்குக் கொடுத்தனுப்ப ஒரு தொகையை எடுத்து வைக்கச் சொன்னார். திங்கட்கிழமை காலை மாமா சாப்பாட்டுத் தூக்கோடு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பையனிடம் போய், "நான் எதப் பிடிக்கணும் மருமகனே?" என்று கேட்டார். எடுத்து வைத்த பணத்தை நான் மறுபடி வரவில் எழுதினேன்.

ஃபைபர் வேலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மரப் படகில் பூச்சு கடைசி வேலை. இதிலோ பூச்சுதான் முதல். அச்சின் உள்பக்கம் மெழுகு தேய்த்து, அதன்மேல் ஜெல் கோட் அடிக்க வேண்டும். கடலைப் பார்க்கப்போகிற வெளித்தோல் அதுதான். அது இறுகிய பிறகு கண்ணாடி இழை மேட்டை விரித்து, ரெசின் ஊற்றி, உள்ளே காற்றுக் குமிழ் நிற்காதபடி ரோலரால் உருட்டி உருட்டி வெளியேற்ற வேண்டும். பிறகு அடுத்த மேட். வெளியிலிருந்து உள்ளே போகிற கணக்கு. ரெசின் இறுக கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் வேண்டும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலந்துவிட்டுப் பிறகுதான் கேட்டலிஸ்ட்டைச் சேர்க்கலாம். இரண்டையும் நேரே ஒன்றோடொன்று சேர்த்தால் வெடித்துவிடும். என் ஸ்டாக் அலமாரியிலேயே இரண்டு கேனையும் இரண்டு மூலையில்தான் வைத்திருக்கிறேன்.

ஆக, மாமாவின் கை அத்தனை வருஷம் பழகிய வரிசை அப்படியே தலைகீழ். அதைவிடக் கஷ்டம், சொல்லிக்கொடுக்கிறவன் வேகமாகப் பேசுகிறவன். ஒரு சித்திரை மாத நடுப்பகல். குங்கிலியம் காய்ச்சுகிற வழக்கத்தில் மாமா பெரிய வாளி நிறைய ரெசினை எடுத்து மொத்தமாகக் கேட்டலிஸ்ட் ஊற்றப் போனார். பையன் அந்தக் கோடியிலிருந்து கத்தினான்: "மாமா, வைங்க கீழ! இந்த வெயிலுக்குப் பாதி அடிக்கிறதுக்குள்ள வாளியிலேயே இறுகிப் புகைஞ்சிரும்." கொட்டகையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். படகு பார்க்க வந்திருந்த பாம்பன்காரர் இருவரும் பார்த்தார்கள். மாமா வாளியைக் கீழே வைத்தார். "சரி. எம்புட்டுக் கலக்கணும்? வெயிலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார்.

நான் கவனித்தது அந்தக் கேள்வியை. அந்த இடத்தில் நம்மில் பெரும்பாலோர் "சரி சரி, தெரியும்" என்போம். கோபக்காரர் வாளியைக் கவிழ்ப்பார். பக்திமான் "நமக்கு என்ன தெரியும், நாம பழைய ஆளு" என்று ஒரு பெருமூச்சு விட்டு நகர்ந்துபோவார். கேட்க அடக்கமாகத்தான் இருக்கும். ஆனால் அப்படி நகர்ந்துபோனவர் எதையும் கற்றுக்கொள்ளப் போவதில்லை. அவரை யாரும் இனித் திருத்தவும் முடியாது. மாமா அளவையும் கேட்டார், காரணத்தையும் கேட்டார். சூடு ஏறினால் சீக்கிரம் இறுகும், அதனால் மத்தியானத்தில் கேட்டலிஸ்ட்டைக் குறைக்க வேண்டும், சின்ன டப்பாவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும் என்று அவன் சொல்லச் சொல்லத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வெயில் ஏறுமுன் விடியற்காலையிலேயே வேலையைத் தொடங்கலாமே என்று யோசனை சொன்னவரும் அவர்தான். இன்றுவரை அதுதான் எங்கள் நேரம்.

அந்த நாட்களில் ஒரு வாரம் எங்கள் அன்பியத்தில் லூக்கா 5ஆம் அதிகாரம் வாசித்தோம். மீனவரான பேதுருவிடம் இயேசு ஆழத்துக்குப் போய் வலை போடச் சொல்கிற பகுதி. வழக்கமாக இதற்கு நம்பிக்கை, கீழ்ப்படிதல் என்று இரண்டு வரி சொல்லிவிட்டு மன்றாட்டுக்குப் போய்விடுவோம். அன்றைக்குக் கடலுக்குப் போய் ஓய்ந்த ஒரு பெரியவர் இடைமறித்தார். "வலைய அலசிக்கிட்டு இருந்தாங்கன்னு முன்னாடியே போட்டிருக்கு, பாத்தீங்களா? நைலான் வர்றதுக்கு முந்தி நூல் வலதான். பகல்ல மீனுக்குக் கண்ணு தெரியும், விலகிப் போயிரும். அதான் ராத்திரித் தொழிலு. விடிஞ்சு, ஒன்னுமில்லாம வந்து, அலசியும் முடிக்கப்போற வலைய மறுபடி நனைக்கச் சொல்றது யாரு? ஒரு தச்சரு! பெத்த அப்பன் சொன்னாக்கூட வாயில வரும்." எல்லோரும் சிரித்தோம். மாமா சிரிக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

"ஐயா, இரவு முழுவதும் நாங்கள் பாடுபட்டு உழைத்தும் ஒன்றும் கிடைக்கவில்லை, ஆயினும் உமது சொற்படியே வலைகளைப் போடுகிறேன்." பேதுரு தன் அனுபவத்தை மறைக்கவில்லை. இரவு முழுக்கப் பாடுபட்டதைச் சொல்லிவிட்டுத்தான் வலையைப் போடுகிறார். "ஆண்டவரே, நான் பாவி, நீர் என்னைவிட்டுப் போய்விடும்" என்று காலில் விழுவது அதற்கப்புறம், படகு அமிழ்ந்துபோகிற அளவுக்கு மீன் ஏறிய பிறகு. வலை முதலில், வார்த்தை பிறகு. நாம் இதை மாற்றி வைத்திருக்கிறோம். பாவி, அற்பன், ஒன்றுமில்லாதவள் என்கிற வார்த்தைகள் முதலில் வந்துவிடும். வலை கரையிலேயே கிடக்கும். எங்கள் பாடகர் குழுவில் ஒரு அக்கா, தன்னைத் தூசியென்று சொல்லாமல் ஜெபம் செய்யமாட்டார். ஒரு பாட்டில் சுருதி இறங்குகிறது என்று ஹார்மோனியம் வாசிக்கிற பையன் சொன்னதற்கு, அந்தப் பாஸ்கா காலம் முழுக்கக் கோவிலில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரைக் குறை சொல்ல எழுதவில்லை. தூசியென்று நம்மை நாமே சொல்லிக்கொள்வது எளிது. சுருதி இறங்குகிறது என்று இன்னொருவர் சொல்லிக் கேட்பதுதான் கடினம்.

"என்னிடம் கற்றுக்கொள்ளுங்கள்" என்று சொன்ன இயேசுவே கற்றுக்கொண்டவர்தான். எபிரேயர் திருமுகம் அதைக் கூச்சமில்லாமல் எழுதிவைத்திருக்கிறது: "அவர் இறைமகனாயிருந்தும், துன்பங்கள் வழியே கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டார்." பன்னிரண்டு வயதில் கோவிலில் போதகர்கள் நடுவில் உட்கார்ந்து அவர்கள் பேச்சைக் கேட்டார், கேள்வியும் கேட்டார். பிறகு நாசரேத்துக்குத் திரும்பிப் பெற்றோருக்குப் பணிந்து நடந்தார் என்பதோடு நற்செய்தி அந்த வருஷங்களை முடித்துக்கொள்கிறது. அவரை வளர்த்த தச்சர் சூசையப்பரின் பட்டறையில் என்ன நடந்திருக்கும் என்று மாமாவிடம் ஒருமுறை கேட்டேன். "வேறென்ன ஆத்தா, கோணலா அறுத்திருக்கேன்னு வஞ்சிருப்பாரு" என்றார். இறையியல் படித்தவர்கள் இதற்கு என்ன சொல்வார்களோ, தொழில் படித்தவர் அப்படிச் சொன்னார்.

பையன் ஊரான வேதாளைக்கு வேறொரு கதையும் உண்டு. இயேசு சபையைச் சேர்ந்த அந்தோணி கிரிமினாலி 1549இல் கொல்லப்பட்டது அங்கேதான். அவருக்குப் பிறகு இந்தக் கரையின் பொறுப்பை ஏற்ற அண்டிரிக் அடிகளார் தமிழில் பேசவும் எழுதவும் கற்று, இலக்கணமும் எழுதினார். அவர் தந்த 'தம்பிரான் வணக்கம்' என்கிற மறைக்கல்விச் சிறுநூல் 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சானது. அவருக்கு முன் 1542இல் வந்த சவேரியார், இரண்டு மொழியும் தெரிந்தவர்களை உட்கார வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போனார். ஓரியூரில் 1693இல் தலை கொடுத்த அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) லிஸ்பன் அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்தவர். இங்கே பண்டாரசாமியாகக் காவி கட்டிப் புலாலை விட்டார். இவர்களை நாம் போதகர்களாகத்தான் கொண்டாடுகிறோம். போதிப்பதற்கு முன்னால் இவர்கள் யாருக்கோ மாணவர்கள். "சாமி, அந்த ழகரம் அப்படியில்லை" என்று திருத்திய ஒரு முத்துக்குளிப்பவரோ வலைக்காரரோ இருந்திருப்பார். கோவில் சுவரில் அவர்களுக்குப் படம் இல்லை.

இதையெல்லாம் எழுதும்போது ஒரு பயமும் இருக்கிறது. தாழ்மை என்கிற உபதேசம் நம் ஊரில் எப்போதும் மேலிருந்து கீழேதான் வருகிறது. கூலி கேட்கிற கையாளுக்கு, கேள்வி கேட்கிற மருமகளுக்கு, சம்பளம் பாக்கி நிற்கிற உபதேசியாருக்கு. முதலாளிக்கு யாரும் சொல்வதில்லை. மாமா அந்த மாதிரித் தாழ்மைக்காரர் இல்லை. புது அச்சு செய்தபோது படகின் முன்பக்கமான அணியம் தட்டையாக இருக்கிறது, கச்சான் காற்றில் அலையை வெட்டாது, அறையும் என்று முதலாளியிடமும் பையனிடமும் இரண்டு நாள் சண்டை போட்டார். அச்சுக்குச் செலவு செய்தாயிற்று என்று முதலாளி மறுத்தார். பையன்தான் கடைசியில், "மாமா சொல்றது சரி, அச்ச வெட்டுவோம்" என்றான். வெட்டி, மரத்தில் புதிதாக ஒரு மூக்கு வைத்து மாமா செதுக்கினார். அந்தச் செலவு என் பேரேட்டில் இன்னும் உறுத்தலாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அச்சில் வார்த்த படகுதான் வேண்டும் என்று கேட்டு வருகிறார்கள். ரெசினில் அவனுக்கு இவர் மாணவர், வடிவத்தில் இவருக்கு அவன். எதில் யார் பெரியவர் என்ற பேச்சே எழவில்லை.

மாமாவுக்குக் கண்ணில் புரை விழுந்து, இப்போது வீட்டோடு இருக்கிறார். பையன் மேஸ்திரியாகிவிட்டான், அவனுக்குக் கீழே ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவன் குஜராத்தில் பெரிய படகு யார்டில் இருந்தவன். ஜெல் கோட்டை பிரஷ்ஷால் அடிக்காமல் ஸ்ப்ரே கன்னால் அடித்தால் எல்லா இடத்திலும் ஒரே கனமாக வரும் என்று தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் போன மாதம் சொன்னான். மேஸ்திரிக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் பிரஷ்ல அடிச்சதுல எது உரிஞ்சிருக்கு, காட்டு பாப்போம்" என்று விரட்டிவிட்டான். சாயங்காலம் என் மேசைப் பக்கம் வந்து நின்று, "அக்கா, அந்த கன் என்ன விலைன்னு மட்டும் கேட்டு வைங்க" என்றான். தூத்துக்குடியில் விசாரித்துச் சொல்லியிருக்கிறேன். இன்னும் வாங்கவில்லை.