செர்ப்ஸ் பென்சனும் பழைய கொம்பனியைத் தேடின கதையும்

66 வயசு கிட்ட வரேக்க பிரித்தானிய அரசாங்க வெப்சைட்டில ஸ்டேட் பென்சன் (அரசாங்கம் தாற பென்சன்) எவ்வளவு வரும் எண்ட ஃபோர்காஸ்ட் எடுத்துப் பாத்தன், நீங்கள் கொன்ட்ராக்டட் அவுட்டில, அதாவது கொம்பனி ஸ்கீமுக்காக அரசாங்கத்தின்ர கூடுதல் பென்சனுக்கு வெளிய, இருந்திருக்கிறியள் எண்டு போட்டு, கோப் (COPE) எண்டு ஒரு தொகையும் காட்டிச்சுது. லண்டனில எங்கட ஆக்கள் கனபேர் இதைப் பாத்திட்டு அவ்வளவும் வெட்டுப்படப் போகுது எண்டு பயப்பிடுகினம். காட்டுற பென்சனில இருந்து அதைத் திருப்பிக் கழிக்கிறேல்ல, அது உங்கட கொம்பனி ஸ்கீம் தரவேண்டிய பங்கின்ர மதிப்பீடு, அதைத் தேடி எடுக்கிறதுதான் எங்கட வேலை.

1978 ஏப்ரல்ல இருந்து 2002 வரைக்கும் இங்க செர்ப்ஸ் (SERPS) எண்ட அரசாங்கத் திட்டம் நடந்தது, பேசிக் பென்சனுக்கு மேல உழைச்ச சம்பளத்தைப் பாத்துக் கூட்டித் தாறது. முதல்ல ஆகக்கூட உழைச்ச 20 வருசத்தைக் கணக்கெடுத்து, ஒரு எல்லைக்குள்ள வாற சம்பளத்தில 25 வீதம் எண்டு இருந்ததை 1986 சட்டத்தால முழு வேலைக்காலச் சராசரி, 20 வீதம் எண்டு படிப்படியாக் குறைச்சுப் போட்டினம். பிள்ளையளுக்காக வேலையை விட்டுவிட்டுச் செய்த பொம்பிளையளுக்கு அது பெரிய அநியாயம்.

அந்த நேரம் கொம்பனியில சொந்த பென்சன் ஸ்கீம் இருந்தா செர்ப்ஸை விட்டு வெளிய நிக்கக்கூடியதா இருந்தது, சம்பளத்தில வெட்டுற நஷனல் இன்சூரன்ஸ் காசைக் குறைவாக் கட்டினம், பதிலுக்கு அந்தப் பென்சனை கொம்பனி தரவேணும், 1997 வரைக்கும் ஆகக்குறைஞ்சது இவ்வளவு தரவேணும் எண்டு ஜிஎம்பி (GMP) எண்ட ஒரு உத்தரவாதமும் இருந்தது. கொம்பனி வருசா வருசம் தாற சம்பள, வரிக் கணக்குத் தாளான பழைய பி60ல (P60) நஷனல் இன்சூரன்ஸ் எழுத்து டி எண்டிருந்தா வெளிய, ஏ எண்டா உள்ள. என்ர 90கள் பி60 எல்லாம் டி.

ஆனா அந்தக் கொம்பனியை வேற ஆக்கள் வாங்கிப் பேரும் மாறிட்டுது, போன் அடிச்சா ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியேல்ல. பழைய பென்சன் ஸ்கீமுகளைத் தேடித் தாற, அரசாங்கத்தின்ர பென்சன் ட்ரேசிங் சேவிசில பழைய பேரைக் குடுத்தன், காசில்லை, ஸ்கீமை இப்ப ஆர் நடத்தினம் எண்டு அட்ரஸ் வந்தது. எங்களுக்குப் பென்சன் இருக்கோ எண்டு ட்ரேசிங் சேவிஸ் ஆக்கள் சொல்லாயினம், ஸ்கீமுக்குக் கடிதம் நாங்கள்தான் போடவேணும். நஷனல் இன்சூரன்ஸ் நம்பர், வேலை செய்த வருசங்கள், அந்த நேரம் இருந்த வீட்டு அட்ரஸ், பி60 கொப்பி எல்லாம் வைச்சு அனுப்பினன், பதில் இல்லை, திரும்பவும் அனுப்பினன், பிறகுதான் ஓம் உங்கட பேரில இருக்கு எண்டு வந்தது. இப்ப அது மாதம் மாதம் தனியா வருது.

ஸ்டேட் பென்சனைப் பொறுத்தவரை 2016 ஏப்ரல் 6 வரைக்குமான கணக்கைப் பழைய முறையிலயும் புது முறையிலயும் பாத்து எது கூடவோ அதைத்தான் எடுத்திருக்கினம், ரெண்டிலயும் கொன்ட்ராக்டட் அவுட் வருசங்களுக்குக் குறைச்சுத்தான். அதுக்குப் பிறகு நஷனல் இன்சூரன்ஸ் கட்டின ஒவ்வொரு வருசத்துக்கும், முழுத் தொகை வரும்வரைக்கும், அந்த முழுத் தொகையில 35ல ஒரு பங்கு கூடும், நான் தொடர்ந்து வேலை செய்ததால முழுத் தொகைக்கே வந்திட்டன். 1951ல பிறந்த அக்காவுக்கு இந்தப் புது முறை இல்லை, அவவின்ர கடிதத்தில பேசிக் வேற, செர்ப்ஸ் வாற அடிஷனல் பென்சன் வேற.

இன்னொண்டு, ஸ்டேட் பென்சன் தானா வராது, கிளெய்ம் பண்ணவேணும்.