நாலு பிளேடு கேப்பும் ஒரு தேஞ்ச புஷ்ஷும்

அந்த அம்பாசடர் மூணாவது தடவையா பட்டறை வாசல்ல வந்து நின்னப்ப எனக்கு வயித்துல புளிய கரைச்சுது. 1978 மாடல், மார்க் 3, ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரோட வண்டி. மனுசன் சத்தம் போட மாட்டாரு, அதான் இன்னும் கஷ்டம். "தம்பி, பழையபடியே ஆயிருச்சுங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு சாவிய மேசை மேல வச்சுட்டு பஸ் ஏறி போயிட்டாரு. திட்டிட்டு போயிருந்தா நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

கம்ப்ளெயின்ட் என்னன்னா, ஐட்லிங்ல நிக்கறப்ப மிஸ்ஸிங், ரோட்ல 60ஐ தாண்டுனா பின்னாடி இருந்து யாரோ புடிச்சு இழுத்து இழுத்து விடற மாதிரி ஒரு வெட்டு, மேட்டுப்பாளையம் தாண்டி குன்னூர் மலை ஏறுனா செகண்ட் கியர்லயே மூச்சு வாங்கும். எங்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு எடத்துல கார்புரேட்டர கழட்டி கழுவியிருக்காங்க. கோயமுத்தூர்ல பழைய வண்டி எது மக்கர் பண்ணாலும் மொதல்ல அடி வாங்கறது கார்புரேட்டர்தான், பாவம். நான் அவங்களை விட புத்திசாலின்னு நெனச்சுட்டு கரண்ட் சைடுதான்னு கண்டுபுடிச்சு புது பிளக், புது பாயின்ட் செட் (இது தெறக்கறப்பதான் பிளக்ல ஸ்பார்க் வரும்), கண்டென்சர், பிளக் ஒயரு எல்லாம் போட்டு, 15 தௌ (இஞ்சுல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு தௌ) கேப் வச்சு, டைமிங் (ஸ்பார்க் வர்ற நேரம்) பாத்து அனுப்புனேன், பத்து நாள் ராஜா மாதிரி ஓடுச்சு. அப்புறம் திரும்பி வந்துச்சு. மறுபடியும் பாயின்ட்ட தேச்சு கேப் வச்சு அனுப்புனேன், அது ஒரு வாரம்.

மூணாவது தடவை டுவெல் மீட்டர் மாட்டுனேன். அதாவது பாயின்ட் எத்தன டிகிரிக்கு மூடியிருக்குன்னு காட்டற மீட்டரு, பாயின்ட்ட உள்ள வச்சுகிட்டு ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஸ்பார்க்க பிரிச்சு அனுப்பற இந்த டிஸ்ட்ரிபியூட்டருக்கு 60, கூட கொறைய 3 இருக்கலாம். இதுல முள்ளு 54க்கும் 64க்கும் நடுவுல கோயில் மணி மாதிரி ஆடுது. அத பாத்தும் எனக்கு புத்தி வரல, பாயின்ட் செட்டு டூப்ளிகேட்டா இருக்கும்னு கடைக்காரனுக்கு போன் போட்டு சண்டை புடிச்சேன். (அவன்கிட்ட அப்புறமா மன்னிப்பு கேட்டேன், டீ வாங்கிக் குடுத்து.)

கடைசில வேற வழியில்லாம எனக்கு தொழில் கத்துக்குடுத்த எங்க மேஸ்திரிக்கு போன் பண்ணேன். அவருக்கு எழுவது தாண்டியாச்சு, கண்ணு சரியா தெரியாது, சிங்காநல்லூர் பக்கம் வீட்டுல இருக்காரு. எல்லாத்தையும் கேட்டுட்டு,

"டிஸ்ட்ரிபியூட்டர் மூடிய கழட்டி ரோட்டாரப் புடிச்சு பாத்தியா கண்ணு?"

"பாத்தனுங்க, திருப்பி விட்டா ஸ்பிரிங்ல திரும்பி வருது, அட்வான்ஸ் நல்லா இருக்கு."

"திருப்ப சொல்லல, ஆட்ட சொன்னேன்."

போன வச்சுட்டு போயி ரெண்டு விரலால ரோட்டார (டிஸ்ட்ரிபியூட்டர் ஷாப்ட் தலைல உக்காந்து சுத்தற துண்டு) புடிச்சு சைடு வாக்குல ஆட்டுனா, ஆட்டம் கையிலயே தெரியுது. ஆடுற பல்லு மாதிரி. இருபத்தி சில்லற வருஷ சர்வீஸு, இத நான் பாக்கல. பாயின்ட்டுக்கு நடுவுல பீலர் கேஜ (கேப் அளக்கற மெல்லிசு தகடு) விட்டு பாத்தேன், 15 தௌ, கரெக்ட். பீலர் கேஜ உருவிட்டு அதே எடத்துல ஷாப்ட்ட அந்த பக்கம் தள்ளுனா 20, இந்த பக்கம் தள்ளுனா 10. அப்ப நான் இத்தன நாளா எதுக்கு கேப் வச்சேன்? நிக்காத ஒண்ணுக்கு உக்காந்து அளவு எடுத்துட்டு இருந்திருக்கேன்.

வெளங்காதவங்களுக்கு ஒரு கணக்கு. இன்ஜின் 3000 ஆர்பிஎம்ல ஓடுதுன்னா டிஸ்ட்ரிபியூட்டர் அதுல பாதி, 1500 சுத்து. ஒரு சுத்துக்கு நாலு தடவ பாயின்ட் தெறக்கணும், நாலு சிலிண்டருக்கு, 1-3-4-2ன்னு வரிசையா. அப்படின்னா செகண்டுக்கு நூறு தடவ. அந்த நூறுலயும் தெறக்கற நேரம் கொஞ்சம் முன்ன பின்ன போச்சுன்னா, ஒரு சிலிண்டருக்கு ஸ்பார்க் சீக்கிரம் வரும், அடுத்ததுக்கு லேட்டா வரும். டைமிங் லைட் அடிச்சா இன்ஜின் முன்னாடி சுத்தற புல்லி சக்கரத்துல இருக்கற மார்க் ஒரு எடத்துல நிக்காம தவ்வும். அத நான் மொத தடவயே பாத்தேன்தான், டைமிங் செயின் லூஸு போலன்னு நெனச்சு விட்டுட்டேன். நமக்கு தெரிஞ்ச காரணம் ஒண்ணு கைல கெடச்சா போதும், அதுக்கு மேல தேட மாட்டோம்.

மேஸ்திரி காலத்துல பீலர் கேஜே பட்டறைல ஒண்ணுதான் இருக்கும், அதுவும் மொதலாளி டிராயர்ல. இவரு ஷேவிங் பிளேடு நாலு அடுக்கி உள்ள விட்டு பாப்பாரு. ஒரு பிளேடு 0.1 மில்லிமீட்டர், நாலு வச்சா 0.4, கிட்டத்தட்ட 16 தௌ. நான் சின்ன பையனா இருந்தப்ப இத பாத்து சிரிச்சிருக்கேன். ஆனா அந்த நாலு பிளேட விடறதுக்கு முன்னாடி அவரு ஒவ்வொரு தடவயும் ஷாப்ட்ட ஆட்டி பாப்பாரு, அது எனக்கு இத்தன நாளா ஞாபகமே வரல பாருங்க, பிளேடுதான் ஞாபகம் இருந்துச்சு.

சரி, டிஸ்ட்ரிபியூட்டர கழட்டுனேன். கீழ இருக்கற டாக் கியரப் புடிச்சிருக்கற பின்ன தட்டறதுக்கு முன்னாடி ரோட்டார் எந்த பக்கம் பாக்குதுன்னு பஞ்ச் வச்சு குத்திக்கணும், இல்லன்னா திருப்பி மாட்டறப்ப அரை சுத்து மாறிடும், அப்புறம் ஸ்டார்ட் பண்ணா கார்புரேட்டர் வழியா துப்பாக்கி சத்தம்தான். இது நான் பட்டு தெரிஞ்சுகிட்டது. உள்ள பாத்தா, வேகம் ஏற ஏற ஸ்பார்க்க முன்னாடி தள்ளற அட்வான்ஸ் வெயிட்டு ரெண்டுலயும் செம்மண் மாதிரி துரு. பாடிக்குள்ள இருக்கற புஷ் (ஷாப்ட்ட தாங்கிகிட்டு நிக்கற சின்ன குழாய்) முட்டை வடிவமா தேஞ்சிருக்கு, ஷாப்ட்டும் ஒரு சைடு 3 தௌ போயிருக்கு. பேஸ் பிளேட்டோட எர்த் ஒயரு, துணி சுத்துன சின்ன ஒயரு, வெளிய பாக்க நல்லா இருக்கு, இழுத்து பாத்தா உள்ள ரெண்டே ரெண்டு இழைலதான் தொங்குது.

வேக்குவம் யூனிட்ட (இன்ஜின் உறிஞ்சற காத்துல பாயின்ட் பிளேட்ட திருப்பற டப்பா) மட்டும் வாய வச்சு உறிஞ்சி பாத்தேன். பைப்ப உறிஞ்சி நாக்கால அடைச்சுகிட்டா பிளேட் திரும்பி அப்படியே நிக்கணும், கீழ வந்துட்டா உள்ள இருக்கற டயாபிரம் சவ்வு ஓட்டைன்னு அர்த்தம். நின்னுச்சு. வாயெல்லாம் பழைய பெட்ரோல் நாத்தம்.

ஹெட்மாஸ்டரோட பையன் பெங்களூர்ல இருந்து போன் பண்ணி "எலக்ட்ரானிக் கிட் போட்டுரலாமே"ன்னான். பாயின்ட்டுக்கு பதிலா காந்தம் வச்சு வேலை செய்யற அந்த கிட் நல்லதுதான், நானே நெறய வண்டிக்கு போட்டிருக்கேன். ஆனா ஆடுற ஷாப்ட் மேல காந்தத்த மாட்டுனா காந்தமும் சேந்து ஆடும், அவ்வளவுதான். முழுசா வேற டிஸ்ட்ரிபியூட்டர் வாங்கலாம், வெல கம்மியாவும் கெடைக்குது, எனக்கு அதுல மனசு ஒப்பல. சென்னைல பாடிங்கற எடத்துல 1961ல ஆரம்பிச்ச லூகாஸ் டிவிஎஸ் கம்பெனி பேரு போட்ட பழைய பாடி, கைல எடுத்தா கனமா இருக்கும், அத தூக்கி போட எப்படி மனசு வரும்.

உக்கடத்துல பழைய சாமான் கடை ரெண்டு மூணு ஏறி எறங்கி ஒரு செத்த டிஸ்ட்ரிபியூட்டர்ல இருந்து தேயாத ஷாப்ட் ஒண்ணு எடுத்தேன். புஷ்ஷுக்கு கணபதில தெரிஞ்ச லேத்துக்கு போனா டர்னர் அண்ணன் "கன்மெட்டல்ல கடஞ்சு தர்றேன், நூறு வருஷம் வரும்"ங்கறாரு. வேண்டாங்ணா, இதுக்கு எண்ணெய் குடிக்கிற புஷ்தான் வேணும், டேபிள் ஃபேன்ல வருமே அந்த மாதிரி பொடி அழுத்தி செஞ்சதுன்னு சொல்லி, வெளி சைஸ மட்டும் கடைய சொன்னேன். உள் சைஸ தொடவே கூடாது. ரீமர் விட்டு உள்ள சுரண்டுனா அந்த பொடி ஓட்டையெல்லாம் மூடிக்கும், எண்ணெய் உள்ள இருந்து வராது. ஷாப்ட் அளவுக்கே, அரை இஞ்சுக்கு 10 தௌ கம்மியா, பாலிஷ் பண்ண ஒரு மேண்ட்ரல் கம்பி மேல வச்சு பிரஸ்ல எறக்கணும். எறக்கறதுக்கு முந்தின நாளே இன்ஜின் ஆயில்ல ஊற போட்டேன், ஊறுகா மாதிரி 24 மணி நேரம்.

மாட்டறப்ப ஸ்பிரிங் ரெண்டையும் பாத்து எனக்கே சிரிப்பு வந்துச்சு. ஒண்ணு மெல்லிசு, இன்னொண்ணு தடிப்பு, அந்த தடிப்பானது சும்மா நிக்கறப்ப லொட லொடன்னு கெடக்கும். அது அப்படித்தான் இருக்கணும், வேகம் ஏறுனாத்தான் அதுக்கு வேலை. ஒரு காலத்துல நான் அத லூஸாயிருச்சுன்னு நெனச்சு கொக்கிய வளச்சு டைட் பண்ணி விட்டிருக்கேன், எத்தன வண்டிக்குன்னு கேக்காதீங்க.

எல்லாம் மாட்டி டுவெல் பாத்தா 60, ஆக்சிலேட்டர் குடுத்தாலும் முள்ளு அசையல. டைமிங் மார்க் ஒட்டி வச்ச மாதிரி நிக்குது. குன்னூர் வரைக்கும் ஓட்டிட்டு வந்தேன், தேர்டு கியர்ல நின்னு இழுக்குது.

பில்லுதான் தகராறு. "என்ன தம்பி மாத்துனீங்க"ன்னு ஹெட்மாஸ்டர் கேட்டாரு, விரல் நீளம் கூட இல்லாத அந்த பழைய புஷ்ஷ கைல குடுத்தேன். அதுக்கு முன்னாடி ரெண்டு தடவ தேவையில்லாம போட்ட சாமானுக்கு டப்பா டப்பாவா காட்டி காசு வாங்கியிருக்கேன், அவரும் கேள்வி கேக்காம குடுத்திருக்காரு. இப்ப நாலு நாள் வேலைக்கு காட்ட இவ்வளவுதான் இருக்கு. அந்த பழைய பாயின்ட் செட்டு காச கழிச்சுட்டுத்தான் பில்லு போட்டேன், இல்லன்னா ராத்திரி தூக்கம் வராது.

வண்டிய குடுக்கறதுக்கு முன்னாடி மேஸ்திரிய கூட்டிட்டு வந்து காட்டுனேன். தடவி தடவி கிளிப்ப எடுத்து மூடிய கழட்டுனாரு, ரோட்டாரப் புடிச்சு ஆட்டுனாரு, அசையல. எனக்கு பெருமை தாங்கல. ரோட்டார மேல உருவி, அடில இருக்கற ஸ்குரூ தலைய விரலால தடவி, விரல என் சட்டைல தொடச்சாரு.

"காஞ்சு கெடக்குது. ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டிருக்கலாம்ல."