தக்காளிப் பூவை உலுக்கும் தேனீ

தக்காளிப் பூவை என்றைக்காவது கிட்டத்தில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? நடுவில் மஞ்சளாக ஒரு கூம்பு நிற்கும், மகரந்தம் முழுக்க அதற்குள்தான், தேன் ஒரு சொட்டுகூடக் கிடையாது. பெட்டியில் வளர்க்கிற தேனீக்கு அதை உலுக்கத் தெரியாது. நீலவரித் தேனீ, தச்சுத் தேனீ மாதிரியான காட்டுத் தேனீக்கள் கூம்பைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, சிறகை விரிக்காமல் பறக்கிற தசையை மட்டும் துடிக்கவிட்டு 'ர்ர்ர்' என்று அதிரவைக்கும், உப்புக் குப்பியைத் தட்டியது போல மகரந்தம் அதன் வயிற்றில் கொட்டும். கத்தரியும் இதே ரகம். சரி, தக்காளியாவது காற்றில் ஆடியே ஓரளவு காய்த்துவிடும்.

செங்குளோவர் என்கிற தீவனப் பயிருக்கு அந்த வசதியும் இல்லை, பூக்குழல் நீளம், அதற்கு நாக்கு நீண்ட பம்பிள்பீ என்கிற குண்டுத் தேனீ வேண்டும். நியூசிலாந்தில் விதை சரியாகப் பிடிக்காமல், 1885-ல் இங்கிலாந்திலிருந்து பம்பிள்பீ ராணிகளைக் கப்பலில் கொண்டுபோய் இறக்கினார்கள்!