பழைய கியர் கட்டரை எடைக்கு விற்காதீர்கள்

ஒரு பட்டறையை மூடும்போது டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி), ரீமர் (துளையைத் துல்லியமாக்கும் கருவி), மில்லிங் கட்டர் எல்லாம் ஒரே சாக்கில் ஏறி, பழைய இரும்புக் கடைக்குக் கிலோ கணக்கில் போய்விடுகின்றன. அப்படிப் போகவே கூடாதவை, கியரின் பற்களை வெட்டும் வட்டக் கருவிகளான கியர் கட்டர்கள். பிராண்டும் வயதும் இரண்டாம் பட்சம். எந்த கியரை வெட்டும், இன்னும் எத்தனை முறை சாணை தாங்கும் என்ற இரண்டைத்தான் விலையாக மாற்ற வேண்டும்.

கட்டர் கைக்கு வந்ததும் எமரி தாளை எடுக்காதீர்கள். பக்கவாட்டில் உள்ள எழுத்து அழிந்தால் பாதி விலை போச்சு. கெரசினில் ஓர் இரவு ஊறப் போட்டு, பித்தளை பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள். பிறகு சாக்பீஸைத் தேய்த்து, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால் மங்கிய எழுத்தும் எழுந்து வரும். டிபி (கியரின் பிட்ச் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை பல்) அல்லது மாட்யூல் (மி.மீ. கணக்கில் பல்லின் அளவு), பிரஷர் ஆங்கிள் (பல்லின் பக்கச் சாய்வுக் கோணம்), கட்டர் எண், எத்தனை பல் முதல் எத்தனை பல் வரை, வெட்டு ஆழம் ஆகியவை அதில் இருக்கும்.

அதிகம் ஏமாறுவது 8 டிபியிலும் 3 மாட்யூலிலும்தான். 25.4-ஐ டிபியால் வகுத்தால் மாட்யூல் கிடைக்கும். ஆக 8 டிபி என்பது 3.175 மாட்யூல். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. வெட்டு ஆழம் 0.270 அங்குலம் என்று இருந்தால் அது 8 டிபி. ஒன்றுக்கு பதில் மற்றொன்றால் வெட்டிய கியர், ஜோடி கியரோடு சேர்ந்து ஓடாது. சத்தம் போட்டுப் பல்லைத் தின்னும்.

அடுத்த குழப்பம் கட்டர் எண். ஒவ்வொரு டிபிக்கும் எட்டு கட்டர் கொண்ட செட் உண்டு. அங்குல முறையில் 1-ஆம் எண் 135 பல்லிலிருந்து ரேக் (நேர்கோட்டில் பல் உள்ள பட்டை) வரை, 8-ஆம் எண் 12, 13 பற்களுக்கு. மாட்யூல் கட்டர்களில் பெரும்பாலும் இது தலைகீழ்: 1-ஆம் எண்தான் 12, 13 பல். 40 பல் கியருக்கு டிபி செட்டில் 3-ஆம் எண்ணையும், மாட்யூல் செட்டில் 6-ஆம் எண்ணையும் எடுக்க வேண்டும். அதனால் எண்ணை நம்பாதீர்கள், பல் வரம்பைப் படியுங்கள்.

பிரஷர் ஆங்கிள் 20 டிகிரி என்றால் இன்றும் புதிதாகக் கிடைக்கும். 14½ டிகிரி பழைய இயந்திரங்களின் அளவு. மைஃபோர்ட் 7 வரிசை லேத்தின் சேஞ்ச் கியர் (மரை வெட்டும் வேகத்தை மாற்ற மாட்டும் கியர்) 20 டிபி, சவுத் பெண்ட் 9 அங்குல லேத்துக்கு 18 டிபி; இரண்டும் 14½ டிகிரி. உடைந்த கியரைப் புதிதாக வெட்ட வேண்டியவருக்கு அந்தக் கட்டர்தான் வேண்டும், வேறு எதுவும் உதவாது. சாக்கில் இப்படி ஒன்று இருந்தால் தனியே எடுத்து வையுங்கள்.

இனி பல்லின் நிலை. இந்தக் கட்டர்களில் பல்லின் முகத்தை மட்டுமே சாணை பிடிக்க வேண்டும். பின்புறம் அதே வடிவத்தில் சரிந்து போவதால், முகம் தேயத் தேய கியர் பல்லின் வடிவம் மாறாது. ஆனால் முகம் துளையின் மையத்தை நோக்கியே இருக்க வேண்டும். ஸ்கேலை முகத்தில் ஒட்டி வைத்துப் பாருங்கள். கோடு மையத்தை விட்டு விலகினால் வெட்டும் வடிவம் கெட்டுவிடும். முகத்தைச் சரியாக மீண்டும் சாணை பிடித்து இதை மீட்கலாம், பல்லில் சதை இருந்தால். பின்புறத்தில் சாணை பட்ட கட்டரை மீட்க முடியாது, அது எடைக்குத்தான். ஆர்பரில் (கட்டரைத் தாங்கும் தண்டு) மாட்டி, டயல் கேஜால் ஒவ்வொரு பல்லின் உயரத்தையும் பாருங்கள். ஒன்றிரண்டு பல் மட்டும் உயர்ந்திருந்தால் வேலை முழுக்க அவற்றின் தலையில் விழும். முதலில் உடைவதும் அவைதான்.

துளையையும் வெர்னியரால் அளந்துவிடுங்கள். 7/8 அங்குலம் என்பது 22.225 மி.மீ. அது 22 மி.மீ. ஆர்பரில் சுகமாக ஏறிவிடும், ஆனால் அந்த 0.225 ஆட்டத்தால் கட்டர் மையம் விலகிச் சுழலும்.

விரிசலுக்குப் பழைய வழியே போதும்: கெரசினில் முக்கி, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் தூள் பூசிச் சற்றுப் பொறுத்திருங்கள். விரிசல் இருந்தால் ஈரக் கோடாகத் தெரியும். நீல நிறம் கண்டதும் பயப்பட வேண்டாம், உலோகம் எது என்று பாருங்கள். கார்பன் ஸ்டீல் நீலமானால் பதம் போய்விட்டது என்று அர்த்தம். ஆனால் எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) சுமார் 550 டிகிரி செல்சியஸில் டெம்பர் ஆனது, மேலோட்டமான நீலத்தால் அது மென்மையாகாது. முனையில் அரத்தை வைத்து இழுங்கள். வழுக்கினால் நல்லது, கடித்தால் எரிந்த பல்.

உலோகம் எதுவென்று தெரியாவிட்டால் வெட்டாத ஓரத்தை மட்டும் சாணையில் லேசாகத் தொடுங்கள். வெள்ளையாக, நட்சத்திரம் நட்சத்திரமாக வெடித்தால் கார்பன் ஸ்டீல். மங்கிய சிவப்பில், வெடிப்பே இல்லாமல் நூல் போல ஓடினால் டங்ஸ்டன் அதிகமுள்ள பழைய எச்எஸ்எஸ். கார்பைடை (மிகக் கடினமான டங்ஸ்டன் கலவை) சாதாரணச் சாணையில் வைக்காதீர்கள், கல்தான் தேயும். அதன் எடையே காட்டிக்கொடுக்கும்: இரும்பைப் போல கிட்டத்தட்ட இரு மடங்கு.

டேப்களில் செட் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். தண்டில் ஒரு வளையம், இரண்டு வளையம், வளையமே இல்லாதது என மூன்று வரும் ஜெர்மன் வகைச் செட்டில், முழு மரையை வெட்டுவது வளையம் இல்லாதது. அது தொலைந்தால் மற்ற இரண்டும் பயனற்றவை. அரை அங்குல விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் மரை அளவு) டேப்பில் அங்குலத்துக்கு 12 மரை, யுஎன்சியில் (அமெரிக்க மரை அளவு) 13. பிட்ச் கேஜ் (மரை இடைவெளியைப் பார்க்கும் கருவி) வைக்காமல் வாங்காதீர்கள்.

விலைக்கு என் கணக்கு இது: 20 டிகிரி, சாதாரண மாட்யூல் என்றால் பாதிக்கு மேல் பல் மிச்சமிருந்தாலும் புதியதன் விலையில் கால் பங்குக்கு மேல் தராதீர்கள். 14½ டிகிரியில் எட்டும் சேர்ந்த முழு செட் என்றால் எட்டுத் தனிக் கட்டரின் கூட்டு விலையைத் தாண்டியும் தரலாம், ஒரு எண் குறைந்தால்கூட அந்தக் கூடுதல் போய்விடும். விற்பவர் படம் அனுப்பினால் எழுத்து, ஒரு பல்லின் முகம், துளைக்குள் வெர்னியர் என மூன்று படம் கேளுங்கள். தூரத்திலிருந்து எடுத்த ஒற்றைப் படத்துக்குப் பணம் அனுப்ப வேண்டாம்.