அறுவைக்கு முந்தைய அரை மணி நேரம்

காலையில் அறுவைக்காகக் கால்நடை மருத்துவமனைக்குக் கூண்டோடு பூனையைக் கொண்டுவருபவரிடம் "சாப்பிட்டதா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். அவர் கையால் கொடுத்திருக்க மாட்டார். ஆனால் சிங்கப்பூர் வீடுகளில் சோறு வைப்பது பல நேரம் பணிப்பெண். பாட்டி ஒரு பிஸ்கட்டை நீட்டியிருப்பார். அதனால் "கடைசியாக என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்கு, யார் கொடுத்தார்கள்?" என்று கேளுங்கள். தெரியாது என்றால் அங்கேயே நிற்கவைத்து வீட்டுக்குப் போன் போடச் சொல்லுங்கள். மயக்கத்தில் விழுங்கும் உணர்வு போய்விடும். வயிற்றிலிருந்து மேலே வருவது நுரையீரலில் இறங்கினால் நிமோனியா.

ஆரோக்கியமான, வளர்ந்த நாய்க்கும் பூனைக்கும் பொதுவாக 6 மணி நேரம் உணவில்லாமல் இருந்தால் போதும். தண்ணீரை முதல் நாள் இரவே எடுத்துவிடுவது தவறு, ப்ரீமெட் ஊசி (மயக்கத்துக்கு முன் போடும் அமைதி ஊசி) வரை இருக்கட்டும். 8 வாரத்துக்கும் குறைந்த குட்டியை ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு மேல் பட்டினி போட்டால் சர்க்கரை இறங்கிவிடும். முயலைப் பட்டினியே போடக்கூடாது. அதற்கு வாந்தி வராது. குடல் அசைவு நின்றுபோவதுதான் அதற்கு ஆபத்து.

வீவக வீடுகளில் (சிங்கப்பூர் அரசின் அடுக்குமாடி வீடுகள்) 2024 செப்டம்பர் முதல் பூனைக்கு அனுமதி உண்டு, வீட்டுக்கு இரண்டு வரை. ஒரே வீட்டிலிருந்து ஒரே நிறத்தில் இரண்டு பூனைகள் ஒரே காலையில் வரும். மைக்ரோசிப்பை ரீடரால் படித்து, ஆணா பெண்ணா என்று கையால் பார்த்து, அதன் பிறகே கழுத்துப் பட்டை கட்டுங்கள். தெருவிலிருந்து தத்தெடுத்த பூனைக்குக் காது நுனி வெட்டியிருந்தால் அது ஏற்கெனவே கருத்தடை ஆன பூனை. உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

எடையை அன்றைக்கே போடுங்கள். அட்டையில் இருக்கும் பழைய எடை வளரும் குட்டிக்கு உதவாது. மருந்தையும் அளவையும் டாக்டர் சொல்வார், கணக்கு நம் பொறுப்பு. 4 கிலோ பூனைக்கு வலி மருந்தான புப்ரெனார்ஃபின் கிலோவுக்கு 0.02 மி.கி. என்றால் 0.08 மி.கி.; பாட்டிலில் மி.லி.க்கு 0.3 மி.கி. இருந்தால் 0.27 மி.லி. புள்ளி ஓர் இடம் நகர்ந்தால் 2.7 மி.லி. எப்போதும் 1 மி.லி. சிரிஞ்சிலேயே எடுக்கும் பழக்கம் இருந்தால், அதில் அடங்காத அளவு வந்ததுமே தப்பு தெரிந்துவிடும்.

அவசர மருந்தின் கணக்கையும் அப்போதே எழுதி ஒட்டுங்கள். அட்ரினலின் கிலோவுக்கு 0.01 மி.கி.; மி.லி.க்கு 1 மி.கி. உள்ள ஆம்பூலில் இந்தப் பூனைக்கு 0.04 மி.லி.தான். இதயம் நின்ற நேரத்தில் அதை யாராலும் சரியாக அளக்க முடியாது. 1 மி.லி.யை 9 மி.லி. சலைனில் கலந்தால் அதே மருந்துக்கு 0.4 மி.லி. எடுக்கலாம். கலந்ததை லேபிள் ஒட்டாமல் வைக்காதீர்கள்.

இனி மயக்க வாயு இயந்திரம். நான் அதிகம் பயப்படுவது, மிஞ்சிய வாயுவை வெளியேற்றும் பாப்-ஆஃப் வால்வுக்குத்தான். கசிவு பார்க்க அதை மூடி, குழாயின் நோயாளி முனையைக் கட்டைவிரலால் அடைத்து, அழுத்தமானி 30 செ.மீ. நீர் அளவைத் தொடும்வரை ஆக்சிஜன் நிரப்பி நிறுத்துங்கள். முள் 10 விநாடி அசையக்கூடாது. இறங்கினால் முதலில் சோடா லைம் (வெளிவிடும் கரியமில வாயுவை உறிஞ்சும் துகள்) டப்பாவின் ரப்பர் வளையத்தைப் பாருங்கள், புதிதாக நிரப்பும்போது ஒரு துகள் சிக்கியிருக்கும். அடுத்தது மூச்சுப் பையின் கழுத்து. சோதனை முடிந்ததும் விரலை எடுத்து அழுத்தத்தை விடாதீர்கள், வால்வைத் திறந்து விடுங்கள். விரலை எடுத்தால் சோடா லைம் தூசி குழாய்க்குள் வரும். அதைவிட மோசம், வால்வு மூடியபடியே இருந்துவிடும். அரை லிட்டர் பையில் நிமிடத்துக்கு 1 லிட்டர் ஆக்சிஜன் போனால் அரை நிமிடத்தில் பை நிரம்பும். பிறகு நுரையீரல்தான் ஊதும். இதயத்துக்கு ரத்தம் திரும்பாது, நுரையீரல் கிழியும்.

சோடா லைம் தீரும்போது காட்டும் ஊதா நிறத்தைக் காலையில் பார்த்துப் பயனில்லை. தீர்ந்துபோன துகளும் இரவு சும்மா கிடந்தால் மறுபடி வெள்ளையாகத் தெரியும். அறுவை முடிந்த கையோடு பாருங்கள், ஓடிய மணி நேரத்தையும் டப்பா மேல் குறித்து வையுங்கள்.

4 கிலோ பூனைக்கு மூச்சுக்குழாயில் இறக்க 4.0 டியூப், பக்கத்தில் 3.5, 4.5. கஃபை (டியூப் முனையில் இருக்கும் சிறு பலூன்) ஊதிச் சில நிமிடம் விட்டு, கசிகிறதா என்று பாருங்கள். முன்பல்லிலிருந்து தோள் முனை வரை அளவு. நீண்டால் ஒரு பக்க நுரையீரலுக்குள் இறங்கிவிடும். பூனையின் குரல்வளை தொட்டால் இறுகும். மரத்துப்போக 2% லிடோகெயின் 0.1 மி.லி. சொட்டுவிட்டு அரை நிமிடமாவது பொறுங்கள். ஷி சூ, பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மாஸ்க்கில் 3 முதல் 5 நிமிடம் ஆக்சிஜன் கொடுத்த பிறகே மயக்க ஊசி. டியூப்பும் எடையைப் பார்த்து நினைப்பதைவிடச் சிறியதே போகும். கஃபுக்குக் காற்று ஏற்றும்போது வால்வை இரண்டாவது தடவை மூடுவீர்கள்: பையை 20 செ.மீ. வரை அழுத்தி, சீறல் நிற்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, உடனே திறந்து, "வால்வு திறந்தாச்சு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

முடி எடுப்பது மயக்கம் வந்த பிறகு, அறுவை அறைக்கு வெளியே. கிளிப்பரின் 40-ம் நம்பர் பிளேடைத் தோலோடு படுக்கையாகப் பிடியுங்கள். முதல் நாளே வழித்தால் கீறல்களில் கிருமி வளரும். பிளேடு சூடாகிறதா என்று உங்கள் மணிக்கட்டின் உட்பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆண் பூனையின் விதைப்பைக்குக் கிளிப்பர் வேண்டாம், முடியைக் கையால் பிடுங்கினால் போதும். 4% குளோர்ஹெக்சிடின் ஸ்க்ரப்பை வெட்டும் இடத்திலிருந்து வெளிநோக்கி வட்டமாகத் தேயுங்கள். ஓரத்தைத் தொட்ட பஞ்சு நடுவுக்குத் திரும்பக்கூடாது. தோலில் மொத்தம் 3 நிமிடமாவது மருந்து பட வேண்டும். கண்ணருகே குளோர்ஹெக்சிடின் கூடவே கூடாது, கருவிழி பாழாகும்.

வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே ஏர்கான் ஓடும், மேசையோ எஃகு. முடி போன ஈர வயிறோடு அதன்மேல் கிடத்தினால் பூனை முதல் அரை மணி நேரத்திலேயே வேகமாகக் குளிர்ந்துவிடும், பிறகு எழ நேரமாகும். ஆல்கஹாலில் குளிப்பாட்டாதீர்கள். பாதங்களுக்குக் குழந்தை சாக்ஸ், அடியில் சூடான காற்று மெத்தை. வீட்டு மின்சார ஹீட்டிங் பேட் வேண்டாம், மயங்கிய உயிர் சுட்டாலும் நகராது.

கண்ணில் ஜெல் போட்டாச்சா என்று பார்த்து மேசைக்கு மாற்றுங்கள். புரட்டும்போது டியூப்பை இயந்திரத்தின் குழாயிலிருந்து கழற்றிவிட்டே புரட்ட வேண்டும், இல்லையென்றால் கஃப் திருகி மூச்சுக்குழாய் கிழியும். மறுபடி மாட்டி, கேப்னோகிராஃபில் (வெளிவிடும் கரியமில வாயுவை அளக்கும் கருவி) அலை வந்து 35 முதல் 45 மி.மீ. பாதரசத்துக்குள் நிற்கும்வரை திரையை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்.